பன்னிரண்டரை

இயந்திரத்தின் இடுப்பில் ஒட்டியிருக்கிறது அந்த எண்:
நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர்.
அதற்கு மேல் காற்றென்றால் இறங்கிவிடு.
ஸ்டிக்கரின் ஓரங்களை வெயில் சுருட்டிவிட்டது.
எண்ணை மட்டும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

வாளையாறு, ஆடி மாதம்.
இரண்டு மலைகள் ஒதுங்கி வழிவிட்ட இடம்.
மழையை அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு
வெறுங்கையோடு வருகிறது காற்று.
லாரிகள் வரிசையாய் நிற்கும் செக்போஸ்டில்
அதை மட்டும் யாரும் நிறுத்திச் சீட்டுக் கேட்பதில்லை.

காலை ஏழு மணிக்கு நான் செய்வது
தூரத்திலிருந்து பார்த்தால் பூசை மாதிரி இருக்கும்.
சுற்றி வருவேன். டயர் முன் குனிவேன்.
ஹோஸ் மூட்டுகளில் அட்டைத் துண்டைக் காட்டிக் கசிவு பார்ப்பேன்.
(விரலை வைக்கக் கூடாது. அழுத்தத்தில் எண்ணெய்
ஊசிபோல் தோலுக்குள் இறங்கும்.)
பிறகு நூர்தீனைக் கூப்பிட்டு
கீழிருந்தே கூடையை இறக்கும் நெம்புகோலை
ஒருமுறை இழுக்கச் சொல்வேன்.
"தெனமும் எதுக்கு பியூலாக்கா?"
"ஒருநாள் நான் மேலிருந்து பதில் சொல்லாட்டி
உன் கைதானே என்னை இறக்கணும்?"
இழுத்தான். முனகிக்கொண்டே தினமும் இழுக்கிறான்.

போன வாரம் மேற்கு மூலையில் கடப்பாரை
முழங்கை ஆழம் சும்மா இறங்கியது.
தூர்ந்த கிணறு. வரைபடத்தில் இல்லை.
நிலத்தை விற்றவரும் சொல்லவில்லை.
பத்து டன் இயந்திரம் அதன்மேல் நின்றிருந்தால்
அது தன்னைத் தானே சொல்லியிருக்கும்.
மஞ்சள் நாடா கட்டினேன்.
இப்போது அதற்குள் ஒரு நாய் படுத்திருக்கிறது.

மதியம் இரண்டரை.
பதினெட்டு மீட்டர் உயரத்தில் நானும் பினோத் மாஞ்சியும்.
கிடங்கின் மேற்குச் சுவரில் இன்னும் ஒரே ஒரு தகடு.
கீழே அது மணல்மூட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.
எஞ்சினியர் பிரசோப் ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறார்:
ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு.
காற்றுமானி ஒன்பது என்கிறது.

அப்போதுதான் பார்த்தேன்.
மலையடிவாரத்தில் தேக்குமரங்கள்
வெளுத்துக்கொண்டு வந்தன.
இலைகள் புரண்டு அடிப்புறம் காட்ட,
வரிசை வரிசையாக, ரயில்பாதையைத் தாண்டி,
யாரோ காட்டின்மீது வேட்டி விரித்துவருவதுபோல.

சட்டப்படி எனக்கு மூன்றரை மீட்டர் மிச்சமிருந்தது.
அந்த மூன்றரையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பினால் பினோத்தின் இடுப்புக் கொக்கி தொங்குகிறது.
எட்டாத ஒரு போல்ட்டுக்காகக் கழற்றியிருக்கிறான்,
ஒரு கால் நடுக்கம்பியில்.
மிதியிலிருந்து பாதத்தை எடுத்தேன். இயந்திரம் ஊமையானது.
"ஹூக் லகாவோ, பினோத்."
அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
கீழே ஒரு சக்கரம் கல்லில் ஏறி இறங்கினால் போதும்,
நீண்ட கை உண்டிகோலாகும், நாம் அதன் கல்.
இதை இந்தியில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.
அவன் கால் இறங்கும்வரை காத்திருந்தேன்.
கொக்கி விழுந்த சத்தம், டிக்.
கழுத்தில் என் சிலுவையைத் தொடும்போதுகூட
இவ்வளவு நிம்மதி வந்ததில்லை.

ஆறு மீட்டருக்கு வந்தபோது காற்று வந்தது.
கூடை பக்கவாட்டில் ஒரு அடி போய்
யோசித்துத் திரும்பியது.
பதினாறு. பதினேழு.
நூர்தீன் கத்தியது எதுவும் கேட்கவில்லை.
கையை மட்டும் கீழ்நோக்கி, கீழ்நோக்கி
மாவு தட்டுவதுபோல் அசைத்துக்கொண்டிருந்தான்.

தரையில் பிரசோப் வாட்சைப் பார்த்தார்.
பிறகு மணல்மூட்டைகள் மேல் துள்ளும் தகட்டைப் பார்த்தார்.
போய் இன்னும் இரண்டு மூட்டை எடுத்துவந்து
அவரே போட்டார்.

பதிவேட்டில் எழுதினேன்: நிறுத்தம், 2.40.
காரணம் என்ற கட்டம் ரொம்பச் சின்னது.
"தேக்குன்னு எழுதுங்கக்கா" என்றான் நூர்தீன்.
காற்று என்று எழுதினேன்.
மானி காட்டிய அளவு: ஒன்பது.
நாளை யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

சாயங்காலம்வரை அது அடங்கவில்லை.
சுவரில் ஒரு தகடு அகலத்துக்கு விட்டிருந்த வழியில்
நுழைந்து, காலிக் கிடங்கைச் சுற்றிப் பார்த்து,
கிழக்கு வாசல் வழியாகக் கோயம்புத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது.
பினோத் அதன் குறுக்கே உட்கார்ந்து
கொக்கியைக் கழற்ற மறந்து
டீ குடித்தான்.